துரை வண்டியில் ஒரு மலைப் பயணம்



கேமரன் மலையைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. பள்ளிச் சுற்றுலா என்றோ, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றோ ஒரு தடவையாவது ஏறி இறங்கியிருப்பீர்கள். பஸ் கண்ணாடியை இறுக மூடிக்கொண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு, எப்போது வளைவுகள் முடியும் என்று கண்ணை மூடிக்கொண்டிருப்போம். மேலே போய் இறங்கினால் ஸ்ட்ராபெரி, சோளம், ஒரு புகைப்படம், திரும்பவும் பஸ். நானும் மூன்று தடவை அப்படித்தான் போய் வந்தேன். மலையைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டேனே தவிர, உண்மையில் பார்த்தது முன் இருக்கையின் முதுகைத்தான்!

2019 டிசம்பர் பள்ளி விடுமுறையில் நான் போன நான்காவது பயணம் வேறு மாதிரி. கான்வாஸ் கூரை போட்ட பழைய லேண்ட் ரோவரில் போனோம். அதைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். இன்பமும் உண்டு, பயமும் உண்டு. பயந்த கதையை முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

என் அம்மாவுக்கு அப்போது 72 வயது. பதினைந்து வயதில் கையில் பால்வெட்டுக் கத்தியை எடுத்தவர். 1962-ல் தொடங்கி முப்பது வருடத்துக்கு மேல் கித்தா மரத்தோடு மல்லுக்கட்டியவர். அவருக்கு வெகு நாளாக ஓர் ஆசை. நகை இல்லை, புடவை இல்லை. "அந்தத் துரை வண்டியில ஒரு தடவ உக்காந்து போகணும்" என்பார்.

அந்தக் காலத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புரியும். விடியற்காலை இருட்டில் பெரட்டு முடிந்து நிரைக்கு நடந்து போவார்கள். ஏழு ஏழரை மணிக்கு மேலே கூரையில்லாத லேண்ட் ரோவர் ஒன்று செம்மண் சடக்கில் உறுமிக்கொண்டு வரும். துரை ஏன் கூரையைக் கழற்றிவிட்டு வருவார் தெரியுமா? காற்று வாங்க அல்ல. வண்டியை விட்டு இறங்காமலே இரண்டு பக்கமும் மரத்தைப் பார்த்துக்கொண்டு வரலாம். பட்டையில் காயம் பட்டிருக்கிறதா, மங்கு நிரம்பி வழிகிறதா, யார் எந்த மரத்தை விட்டுவிட்டார்கள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்துவிடும். "அந்தச் சத்தம் கேட்டாலே கை நடுங்கும். மழைக்காலத்துல சேத்த வாரி நம்ம மேல அடிச்சிட்டுப் போவும்" என்று அம்மா சொல்வார். சொல்லிவிட்டு, "ஆனா, பாக்க அழகாத்தான் இருக்கும்" என்றும் சேர்த்துக்கொள்வார்.

என் தம்பி ரிங்லெட்டுக்கு அப்பால் பெர்த்தாம் வேலியில் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறான். முட்டைக்கோஸ், மிளகாய், தக்காளி. மலைச்சரிவில் மண்பாதை. அங்கே சாதாரண லோரி ஏறாது. ஆகவே கேமரன் மலை விவசாயிகள் பலரையும் போல அவனும் ஒரு பழைய லேண்ட் ரோவரை வாங்கிப் போட்டிருந்தான். 109 அங்குல நீள வகை, பெட்ரோல் இயந்திரம். முன்னால் மூன்று பேர் உட்காரலாம். பின்தொட்டியில் இரண்டு ஓரமாகவும் எதிரெதிரே பலகை இருக்கைகள். அதன் மேல் ஐந்தாறு இரும்பு வளையங்கள் நட்டு, அவற்றின் மேல் கான்வாஸைப் போர்த்தி, ஓரங்களைக் கயிற்றால் கொக்கிகளில் இழுத்துக் கட்டியிருக்கும். மாட்டு வண்டிக்குக் கூண்டு கட்டியது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்த வண்டிக்கு ஒரு வரலாறு உண்டு. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில்தான் லேண்ட் ரோவர் முதன்முதலில் உலகத்தின் கண்ணில் பட்டது. போர் முடிந்த காலம். இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. அதனால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அலுமினிய உடல் துருப்பிடிக்காது, ஆனால் இரும்பு அடிச்சட்டம் துருப்பிடிக்கும். அதே 1948 ஜூனில்தான் இங்கே அவசரகாலம் பிறந்தது. முள்வேலி, ஊரடங்கு, அரிசிக் கட்டுப்பாடு என்று நம் பாட்டி தாத்தாக்கள் பட்ட பாடு 1960 வரை நீடித்தது. நம் தோட்டத்து மக்களின் நினைவில் இந்த வண்டியும் துப்பாக்கியும் ஒன்றாகவே நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். பழைய வடிவத்தின் வழிவந்த கடைசி வண்டி 2016 ஜனவரியில் இங்கிலாந்துத் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. கேமரன் மலையில் அதற்கெல்லாம் கவலையில்லை. ஐம்பது வயது வண்டிகூட அங்கே கோஸ் மூட்டை சுமக்கிறது.

சரி, பயணத்துக்கு வருவோம். தம்பி எங்களை அழைத்துப் போக முதல் நாள் மாலையே இறங்கி வந்துவிட்டான். காலையில் பசியாறிவிட்டுப் புறப்பட்டோம். "அம்மா, முன்னால உக்காருங்க. துரை சீட்டு உங்களுக்குத்தான்" என்று தம்பி கதவைத் திறந்தான்.

அம்மா கையை எடுத்துக் கதவில் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு, "வேணாம்ப்பா, எனக்கு என்னமோ போல இருக்கு. நான் புள்ளைங்களோட பின்னாலயே உக்காந்துக்கறேன். டீச்சர் முன்னால உக்காரட்டும்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் ஏறிக்கொண்டார். ஐம்பது வருட ஆசை அந்த ஒரு படியில் ஏற மாட்டேன் என்றது! நானும் வற்புறுத்தவில்லை. என் பதினொரு வயது மகளும் எட்டு வயது மகனும் பாட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஆகவே தம்பி இரண்டு பக்கக் கான்வாஸையும் இறக்கிக் கட்டினான். பின் திரையை மட்டும் சுருட்டி மேலே கட்டிவிட்டான். பிள்ளைகள் பின்னால் வேடிக்கை பார்க்கட்டும், காற்றும் வரட்டும் என்பது அவன் நினைப்பு. எனக்கும் அது சரியாகவே பட்டது. உங்களுக்கும் அப்படித்தான் படும். அங்கேதான் தவறு.

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். 1931-ல் திறந்த சாலை. வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885-லேயே மலையைப் பார்த்துவிட்டுப் போனாலும், மோட்டார் ஏற நாற்பத்தாறு வருடம் ஆயிற்று. பழைய வண்டி அந்த ஏற்றத்தில் இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் முனகிக்கொண்டுதான் போகும். வழியெல்லாம் மூங்கில் கொட்டகைகளில் பூர்வகுடி மக்கள் பெத்தாயும் காட்டுத் தேனும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் முன்னாலிருந்து பின்பக்கம் திரும்பிப் பார்த்தேன். முதலில் பாட்டும் சிரிப்புமாக இருந்த பிள்ளைகள் அமைதியாகிவிட்டார்கள். மகன் பாட்டி மடியில் படுத்திருந்தான். அம்மாவும் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார்கள், விடியற்காலையில் எழுந்தவர்கள்தானே என்று நினைத்துக்கொண்டேன். வாசகர்களே, அந்த நினைப்பை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

லாத்தா இஸ்கந்தார் அருவியில் நிறுத்தியபோது மகள் தள்ளாடிக்கொண்டு இறங்கினாள். "தல ரொம்ப வலிக்குதும்மா" என்றாள். இறங்கியதும் வாந்தி எடுத்தாள். மகனை எழுப்ப இரண்டு முறை உலுக்க வேண்டியிருந்தது. அம்மா எழுந்து நிற்க முயன்று அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். "வளைவு ஒத்துக்கல போல" என்றான் தம்பி. நான் எலுமிச்சம்பழம் வாங்க ஓடினேன்.

அங்கே காய்கறி லோரியை நிறுத்திவிட்டுக் கோப்பி குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இதைப் பார்த்தார். எழுந்து வந்து, எலுமிச்சம்பழத்தைக் கவனிக்காமல் நேராக வண்டியின் பின்புறம் போனார். பின் பலகையின் உட்பக்கத்தை விரலால் தேய்த்து எனக்குக் காட்டினார். விரல் கறுப்பாக இருந்தது.

"பாத்தியாம்மா? புழுதியும் கரியும் எப்படி உள்ள படிஞ்சிருக்கு! புழுதி வந்த வழியாத்தான் புகையும் வந்திருக்கு. பின்தெரைய மட்டும் தொறந்து வச்சா, வண்டி புகைய உள்ள இழுக்கும்" என்றார்.

அப்புறம் குனிந்து அடியில் பார்த்தார். புகைக்குழாயில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துரு ஓட்டை. தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "ஒரு மாசமாச் சத்தம் கேட்டுச்சு. நாளைக்குப் பாக்கலாம்னு விட்டுட்டேன்" என்றான்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன்; பாடம் நடத்துகிறேன் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். ஓடும் பஸ்ஸுக்குப் பின்னால் காய்ந்த இலைகள் சுழன்று சுழன்று பஸ்ஸையே துரத்துவதைப் பார்த்திருப்பீர்கள். வண்டி முன்னே போகும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. அந்தக் குறையை நிரப்பக் காற்று சுழன்று முன்னோக்கி வருகிறது. பக்கமெல்லாம் மூடி, பின்பக்கம் மட்டும் திறந்திருந்தால், சுழலும் காற்று புகையையும் அள்ளிக்கொண்டு உள்ளே புகும். உள்ளே வந்தது வெளியே போக வழியில்லை. ஏற்றத்தில் மெதுவாகப் போகும் வண்டிக்கு உழைப்பும் அதிகம், புகையும் அதிகம்.

அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு இருக்கிறது. நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. இரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, குமட்டல், சோர்வு, தூக்கம். பார்க்கிறவர்களுக்கு மலைப் பயணத் தலைச்சுற்றல் போலவே இருக்கும். ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். வளைவு ஒத்துக்கொள்ளாமல் போனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வராது. ஒரே வண்டியில், ஒரே பகுதியில் இருந்தவர்கள் எல்லோருக்கும் தலை வலித்தால் உடனே சந்தேகப்பட வேண்டும். வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, எல்லோரையும் திறந்த வெளிக்குக் கொண்டுவர வேண்டும். மயங்கியவர் எழவில்லை என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கான்வாஸ் மூடிய லோரியின் பின்னால் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கும் இதே கதிதான்.

நாங்கள் அருவி ஓரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் முகத்தில் நிறம் திரும்பியது. அம்மாவுக்குத் தலைபாரம் மெல்ல மெல்லத்தான் இறங்கியது. நான் தாப்பா மருத்துவமனைக்குத் திரும்பலாம் என்றேன். அம்மா கேட்கவில்லை. "அரைவாசி தூரம் வந்துட்டுத் திரும்புறதா?" என்றார். நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. தெளிந்துவிட்டது போலத் தெரிந்தாலும் வயதானவர்களையும் குழந்தைகளையும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும் என்று பிறகு தோட்டத்து மருத்துவ உதவியாளர் என்னைக் கண்டித்தார்.

அதற்குள் பெரியவர், குழாய் ஆறியதும், ஒரு பால் டின்னை வெட்டித் தட்டையாக்கி ஓட்டையைச் சுற்றிக் கம்பியால் முறுக்கிவிட்டார். "இது ரிங்லெட் வரைக்குந்தான். அங்க போன ஒடனே வெல்டிங் வச்சிரு" என்று தம்பியிடம் சொன்னார். பிறகு இருவருமாகப் பக்கக் கான்வாஸ்களைச் சுருட்டி மேலே வாரில் கட்டினார்கள். கதவுகளின் மேல்பாதியை இரண்டு நட்டுகளைக் கழற்றி உருவி எடுத்தார்கள். தலைக்கு மேல் கூரை மட்டும் நின்றது. நான்கு பக்கமும் வெளி. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். தூறலும் விட்டிருந்தது.

"இப்ப ஏறுங்க. ஆத்தா, நீங்க முன்னால. இனிமே பின்னால போகப்படாது" என்றார் பெரியவர். அவர் சொன்ன தோரணையில் அம்மா மறு பேச்சுப் பேசாமல் துரை சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால் போய் என் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன். பெரியவர் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கேமரன் மலை தெரிந்தது! பஸ்ஸில் ஏறும்போது மலை ஒரு படம். திறந்த வண்டியில் அது உடம்பில் வந்து படுகிறது. வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வருவது கன்னத்தில் தெரிந்தது. சில்வண்டுச் சத்தம் ஓர் இடத்தில் காதைத் துளைத்து, அடுத்த வளைவில் பட்டென்று நின்றது. ஈர மண், மூங்கில் இலை, எங்கோ விறகுப் புகை, ரிங்லெட்டை நெருங்கியதும் காய்கறித் தோட்டங்களின் கோழி எரு நாற்றம் என்று ஒவ்வொன்றும் மூக்கில் வந்து ஊரின் பெயரைச் சொன்னது. நாற்றத்தை ஏன் எழுதுகிறாய் என்று கேட்காதீர்கள். அந்த நாற்றத்தில்தான் உங்கள் வீட்டு முட்டைக்கோஸ் விளைகிறது.

ரிங்லெட் பட்டறையில் குழாயைப் பற்றவைத்து முடிக்க மதியம் ஆகிவிட்டது. அன்று தம்பி வீட்டில் தங்கினோம். அவன் தோட்டத்துக்குப் போகும் பாதை வாய்க்கால் போலக் குழிந்து கிடக்கிறது. வண்டியில் சிவப்புக் குமிழ், மஞ்சள் குமிழ் என்று இரண்டு நெம்புகோல்கள். மஞ்சளை அமுக்கினால் நான்கு சக்கரமும் இழுக்கும். சிவப்பைப் பின்னால் இழுத்தால் வேகம் குறைந்து வலு கூடும். வழுக்கும் மண்ணுக்குத்தான் மஞ்சள். நல்ல தார்ச்சாலையில் அதை அமுக்கி ஓட்டினால் பல்சக்கரங்கள் இறுகிக் கெட்டுப்போகும் என்று தம்பி சொன்னான்.

மறுநாள் வானம் வெளுத்திருந்தது. தம்பி முழுக் கூரையையும் கழற்றினான். கயிற்றை அவிழ்த்து, கான்வாஸை உருவி, இரும்பு வளையங்களையும் எடுத்து வீட்டில் வைத்தான். முன்கண்ணாடியையும் இயந்திர மூடி மேல் சாய்த்துப் படுக்க வைக்கலாம். மகன் அதற்குக் குதித்தான். தம்பி மறுத்துவிட்டான். முன்னே போகும் லோரியிலிருந்து ஒரு கல் தெறித்தால் நேரே கண்ணுக்கு வரும். இரண்டாம் உலகப் போரில் ஜீப்புகள் கண்ணாடியைச் சாய்த்துக்கொண்டு போகுமாம். சாலைக்குக் குறுக்கே எதிரிகள் கழுத்து உயரத்தில் கம்பி கட்டி வைப்பார்களாம். அதை அறுக்கவே வண்டியின் மூக்கில் செங்குத்தாக ஓர் இரும்புக் கம்பத்தை நட்டு வைத்தார்கள். இதைச் சொன்னதும் மகன் கண்ணாடியைப் பற்றிப் பேசவே இல்லை!

கூரையில்லாத வண்டியில் பிள்ளைகளை ஏற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஓரப் பலகையில் பெல்ட் கிடையாது. வண்டி கவிழ்ந்தால் தலைக்கு மேல் காப்பும் கிடையாது. பிள்ளைகள் எழுந்து நிற்கக் கூடாது. தொட்டியின் விளிம்பில் ஏறி உட்காரக் கூடாது. கையை வெளியே நீட்டினால் காட்டுப்பிரம்பின் முள் கிழித்துவிடும். தம்பி முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்த கார்காரர்கள் ஹார்ன் அடித்தார்கள். அடித்தால் என்ன?

தானா ராத்தா, பிரிஞ்சாங் கடந்து சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டப் பாதையில் திரும்பினோம். 1929-ல் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டம் அது. மலையைச் சீவிப் பாய் விரித்தது போன்ற தேயிலை. அதை நட்டவர்களில் நம் மக்கள் எத்தனை பேர்! ஆலைப் பக்கம் போனபோது வாடும் இலையின் வாசம் வண்டியை வந்து நனைத்தது.

பாதை ஓரத்தில் இரண்டு தமிழ்ப் பெண்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். தம்பி வண்டியைச் சட்டென்று மெதுவாக்கினான். பாதையில் தண்ணீர் தேங்கியிருந்தது. அம்மா அவன் கையைப் பிடித்து, "நிறுத்து, நிறுத்து. சேறு அடிக்கும்" என்றார். வண்டி நின்றது. அவர்கள் கடந்து போகும்போது, "எந்தப் பக்கம் தாயி வீடு?" என்று கேட்டார் அம்மா. கதவுக்கு மேல்பாதி இல்லையே, பேச்சு தடையில்லாமல் போயிற்று. கால் மணி நேரம் பேசினார்கள். அந்தப் பெண்களில் ஒருவரின் மாமியார் எங்கள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டவராம்! காரில் போயிருந்தால் இந்த உறவு கண்ணாடிக்கு வெளியே நடந்து போயிருக்கும்.

மேலே பிரிஞ்சாங் மலையுச்சி 2,000 மீட்டருக்கு மேல். பாதி வழியில் பாசிக்காட்டு ஓரம் வரைதான் போனோம். மரமெல்லாம் பச்சைச் சட்டை போட்டது போலப் பாசி. கிளையில் கெண்டிச் செடிகள். அங்கே மேகம் வந்து வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. மகள் அதைக் கையில் பிடிக்கப் பார்த்தாள். மேகம் உட்கார்ந்தால் மழை தூரமில்லை. இறங்குவதற்குள் கொட்டிவிட்டது. எல்லோரும் உரச் சாக்கின் பிளாஸ்டிக்கைத் தலையில் போட்டுக்கொண்டோம். கான்வாஸை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். நீங்கள் போனால் அதைச் சுருட்டிக் காலடியில் போட்டுக்கொள்ளுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்து மட்கும். பிளாஸ்டிக் ஜன்னல் உள்ள பகுதியை மடிக்காமல் சுருட்ட வேண்டும். மடித்தால் மடிப்பில் வெடிக்கும்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பினோம். இறக்கம் முழுக்கக் கூரை மேலே, பக்கங்கள் திறப்பு. அம்மா முன்னால்தான். தோட்டத்து நுழைவுக்கு வந்ததும், "தம்பி, கூரையையும் எடுத்திரு" என்றார். "இன்னும் ஒரு கட்டைகூட இல்லையேம்மா" என்றான் அவன். "எடுத்திரு" என்றார்.

எடுத்தான். பால்மரம் இருந்த இடமெல்லாம் இப்போது செம்பனை. பழைய பெரட்டுக் களத்தில் புல் வளர்ந்திருக்கிறது. அதன் ஓரமாக வண்டியை மெதுவாக விடச் சொன்னார். இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார், துரை பார்த்தது போலவே. என்ன பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

லயத்து வாசலில் நிறுத்துவதற்குள் பிள்ளைகள் கூட்டமாக ஓடி வந்து பின்தொட்டியில் ஏறிவிட்டார்கள். எண்ணிப் பார்த்தேன், பதினாறு பேர். எட்டு பேரை இறக்கிவிட்டேன். மற்ற எட்டு பேரைக் கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லி உட்கார வைத்துவிட்டு, முதலில் புகைக்குழாயைக் குனிந்து பார்த்தேன். பிறகுதான் தம்பியை வண்டியை எடுக்கச் சொன்னேன்.